முன்னேற்றம் உண்டு

நரம்பியல் வார்டு, பதினொன்றாம் கட்டில்.
நஞ்சன், ஐம்பத்தெட்டு வயது,
பெரம்பூர் அடுக்குமாடி ஒன்றில் இரவுக் காவல்.
வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று.
கேஸ் ஷீட்டில் நைட் டியூட்டி நர்ஸ் எழுதியிருந்தார்:
உளறல்.

என் வேலை பேச்சுப் பயிற்சி.
படம் போட்ட அட்டைகளை நீட்டுவேன்,
குடை, சாவி, பசு, மாம்பழம்.
பசுவைப் பார்த்து அவர் ஏதோ சொன்னார்.
மறுநாளும் பசுவுக்கு அதையே சொன்னார்.
மூன்றாம் நாளும்.

உளறல் இப்படி
வாக்குத் தவறாமல் இருக்காது.

வீட்டில் வேறு பாஷை பேசுவாரா?
கன்னியம்மா அவர் வாயோரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"இருபத்தாறு வருஷம் ஆவுது மேடம்,
எங்கிட்ட தமிழ்தான்.
திட்டுனாக்கூடத் தமிழ்தான்."
கோத்தகிரிக்குக் கீழே எங்கேயோ ஏழெட்டு வீடு.
அண்ணன் ஒருவர் இருந்தார், அவர் நம்பர் இருந்தது.
போட்டேன்.
இந்த எண் உபயோகத்தில் இல்லை என்பதை
மூன்று மொழிகளில் சொன்னார்கள்.

ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வரும்.
விடியற்காலையில்,
ஊசி போடும்போது,
கரண்ட் போய் மின்விசிறி நின்றபோது.
நோட்டில் எழுதப் பார்த்தேன்.
இருநூற்று நாற்பத்தேழில் எதுவும் பொருந்தவில்லை.
ழகரத்துக்கு மடங்கும் இடத்தையும் தாண்டி
இன்னும் பின்னால் போகிறது நாக்கு,
அதுவும் மெய்யெழுத்துக்கு அல்ல,
உயிரெழுத்துக்கு.
உயிரும் வளையும் என்று
யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.
ழ எங்களுக்கு மட்டுமே என்று
பள்ளி மேடையில் முழங்கி
எவர்சில்வர் தட்டு வாங்கியவள் நான்.

தண்ணியா இருக்கும் என்றாள் மகள் ரூபாவதி.
டம்ளரை நீட்டினோம். குடித்தார்.
சொன்னபோதெல்லாம் நீட்டினோம்,
நீட்டியபோதெல்லாம் குடித்தார்.
மூத்திரப் பை நிறைய நிறைய
அது தண்ணீர்தான் என்று எங்களுக்கு உறுதியாயிற்று.

நான் என் வேலையைச் செய்தேன்.
கு-டை. சா-வி.
என் உதட்டைப் பாருங்கள், கூடவே சொல்லுங்கள்.
பசுவுக்கு அவர் தன் சொல்லைச் சொன்னால்
இல்லை என்று தலையசைத்தேன்.
ப-சு.
பத்தொன்பதாம் நாள் "டீ" என்றார்.
வார்டே கைதட்டியது.
பன்னிரண்டாம் கட்டில்காரரின் மகன்
ஓடிப்போய் டீயும் பன்னும் வாங்கிவந்தான்.
கேஸ் ஷீட்டில் எழுதினேன்:
முன்னேற்றம் உண்டு.

அதன்பின் தமிழ் வேகமாக வந்தது,
வீட்டுக்காரன் வருவதுபோல,
கதவைத் தட்டாமல்.
கன்னியம்மாவின் பெயர்,
வட்டிக்குக் கொடுத்தவன் பெயர்,
இருபத்தொன்பது சி பஸ்.
குடியிருந்தது எப்போது கிளம்பிப் போயிற்றென்று
யாரும் குறித்து வைக்கவில்லை.
நானும்தான்.
கேஸ் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினேன்.
சரியாகவே சொன்னேன், நாக்குதான் என் பிழைப்பு.
இதற்கு என்ன அர்த்தம்?
கொஞ்ச நேரம் மேலே பார்த்தார்.
"நானா சொன்னேன்?" என்று சிரித்தார்.
சரி, அந்தப் பாஷைக்குப் பேர்?
"பேரா? எங்க பேச்சுன்னு சொல்லுவோம்."
செருப்பை மாட்டிக்கொண்டே
"சொல்லுவாங்க" என்று திருத்தினார்.

பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி.
ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
எழும்பூர் தாண்டியதும் வாயை லேசாகத் திறந்து
நாக்கைப் பின்னால் மடக்கி
சத்தமில்லாமல் அதை வைத்துப் பார்த்தேன்.
சேத்துப்பட்டில் ஒருமுறை.
நுங்கம்பாக்கத்தில் இன்னும் ஒருமுறை.
எதிரே, மடியில் ஹெல்மெட் வைத்திருந்த பெண்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள்
பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.
"தண்ணி குடிங்கக்கா."

தாகமே இல்லை.
வாங்கிக் குடித்தேன்.